கார்டினலின் நனையாத இருக்கை

எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிறவனிடம் சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு உண்டா, குடிப்பானா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை வில்லா மல்வெஸ்தி மாளிகையின் தோட்டத்துக்கு அழைத்துப் போய் நனைத்துவிடுவோம். நனைந்த மனிதனால் எதையும் மறைக்க முடியாது. கோட்டு சுருங்கும்போது குணம் வெளியே வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் அந்தக் காலத்துத் திருச்சபைப் பெரியவர் கார்டினல் மல்வெஸ்தி. தோட்டத்தை அமைத்தவர் அவர்தான். மலையிலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கினார். படிக்கட்டின் கைப்பிடிச் சுவர் வழியாக ஓடவிட்டார். கற்சிங்கங்களின் வாயிலிருந்து கொட்டவைத்தார். இவ்வளவும் போதாமல் கீழ்த்தட்டில் ஒரு நீளமான கல்மேசையைப் போட்டார். மேசையின் நடுவே ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். ஒயின் புட்டிகளை அதில் கிடத்திவிட்டால் குளிர்ந்து கிடக்கும். சுற்றிலும் பத்துக் கல் இருக்கைகள். ஒன்பது இருக்கைகளில், உட்காரும் இடத்துக்கு நட்டநடுவில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. தலைப்பக்கம் இருக்கும் பத்தாவதில் மட்டும் ஓட்டை கிடையாது. அது கார்டினலின் இருக்கை.

மேசைக்கு அடியில் ஒரு நிலவறை, அதில் ஒரு பெரிய குழாய்த் திருகு. கார்டினலின் இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் கீழே ஓர் இரும்புத் தண்டு இறங்கும். ஆள் எழுந்தால் தண்டு மேலேறி ஒரு மணியை அடிக்கும். மணி கேட்டால்தான் கீழே இருப்பவர் தண்ணீரை நிறுத்துவார். அதுவரை ஒன்பது பேரும் ஓட்டைமேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கார்டினல் எழாமல் விருந்தாளி எழக்கூடாது. அவரை எழுந்திருக்கச் சொல்லிக் கேட்கவும் கூடாது. அந்தக் காலத்து மரியாதை அப்படி. ஒருமுறை ஏதோ ஒரு நாட்டுத் தூதர் வந்திருந்தபோது கார்டினல் இருக்கையிலேயே தூங்கிப்போய்விட்டார். தூதர் மரியாதை தெரிந்தவர், அசையவில்லை. கார்டினல் விழிப்பதற்குள் தூதர்மேல் பாசி படர்ந்துவிட்டது. தோட்டக்காரர்கள் செடி என்று நினைத்து அவரைத் தொட்டியில் வைத்து எலுமிச்சை மரங்களோடு நிழலில் ஒதுக்கிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில்தான் தவறு தெரிந்தது. அவரும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னாராம்.

கார்டினல் போன பிறகு அந்த இருக்கை பெண்ணின் அப்பாவுக்கு என்று ஆனது. நல்ல அப்பாவாக இருந்தால், தண்ணீர் பீய்ச்சியதும் மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லி முடித்துவிட்டு எழுந்துவிடுவார். எல்லோரும் சிரிப்போம், துண்டு வரும், பச்சை அவரையும் ஆட்டுப்பால் சீஸும் வரும், கல்யாணம் நிச்சயமாகிவிடும். அப்பாவுக்கு முன்னால் மாப்பிள்ளை எழுந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே யாரும் எதையும் சொல்லக்கூடாது என்பதும் கட்டளை.

செத்திமியோ நல்ல அப்பாவாக இல்லை.

ஊரில் எண்ணெய் ஆலை அவனுடையது. அவனுடையது என்றால் சுவரும் கூரையும் செக்குக் கல்லும் அவனுடையவை. ஆலையை நடத்தியது மகள் லவீனியா. எந்தத் தோப்பு ஒலிவக்காயை எப்போது அரைக்கலாம், எந்தக் கூலியாளை எப்போது திட்டலாம் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். மனைவி இறந்தபின் செத்திமியோவுக்குக் காப்பி போடவும் தெரியாது, தனியாக ஒரு அறையில் உட்காரவும் தெரியாது. அதனால் கார்டினலின் இருக்கையில் உட்கார்ந்தால் அவன் எழுவதில்லை. சட்டப்படி அது தவறும் இல்லை.

முதலில் வந்தவர் வித்தெர்போவில் பள்ளி வாத்தியார். நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கார்டினலை லத்தீனில் திட்டினார். திட்டில் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லை என்று எங்கள் பாதிரியார் பிற்பாடு பாராட்டினார். இரண்டாவதாக வந்தவர் ரயில்வே கார்டு. பொறுமைசாலி. அவரைத் தண்ணீரால் அசைக்க முடியவில்லை; கைக்கடிகாரத்தைப் பார்த்தவர், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். ரோம் போய்ச் சேரும்வரை சொட்டிக்கொண்டே போனாராம். தண்டவாளத்தின் இடது பக்கம் இன்றைக்கும் புல் பச்சையாக இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம்.

மூன்றாவதாக லவீனியா பாசிலியோவைப் பிடித்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பாசிலியோ கீழே சமவெளியில், போன்தெரோசோவில், குடைக்கடை வைத்திருந்தார். பெரிய உருவம், சின்னக் குரல். யாராவது தும்மினால் தானே மன்னிப்புக் கேட்கிற வகை.

நான் எண்ணெய் வாங்கப் போயிருந்த அன்றுதான் லவீனியா அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"குடை விக்கிறவனா?" என்றான் செத்திமியோ. "நனையவே கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துக் காசு வாங்குறவன். அவன் எப்படி உக்காருவான்?"

"உக்காருவாரு. நீங்க நியாயமா நடந்துக்கிட்டா போதும்."

"நான் எப்பவும் நியாயமாத்தான் உக்காந்திருக்கேன். கேட்டுப்பாரு, குவிரீனோ இருக்கான்ல."

குவிரீனோ என்பது நான். ரெண்டு தடவையும் அந்த மேசையில் உட்கார்ந்து நனைந்தவன். "உக்காந்ததுல ஒரு குறையும் இல்ல" என்றேன். "எழுந்திருக்கிறதுலதான் கொஞ்சம் சுணக்கம்."

லவீனியா எண்ணெய்ப் புட்டியை மூடி என் கையில் கொடுத்தாள். அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "இதோட மூணு. இந்தத் தடவையும் மாப்பிள்ளை எழுந்து போயிட்டா, நான் இனிமே யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன். ஆலையில உக்காந்து உங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டே கிழவியாயிடுறேன். சந்தோஷமா?"

செத்திமியோவின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு அதில் மறுப்பு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை லவீனியா கட்டளையை மீறினாள். பாசிலியோவைப் பேருந்து ஏற்றிவிட வந்தவள், நிழற்கூரையின் கீழ் நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொருட்படுத்தாமல், அவர் காதில் அவசரமாகச் சொன்னாள். "நாளைக்கு மேசையில என்ன நடந்தாலும் அப்பா எழுந்திருக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. சிரிச்ச முகமா இருங்க. நல்லா சத்தமா சிரிங்க. அப்புறம் இன்னொண்ணு, முக்கியமா—"

பேருந்து வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் போப்பாண்டவர் கை காட்டினாலும் நிற்கமாட்டார். அந்த இன்னொன்று எந்த இருக்கை யாருடையது என்பதுதான். அது அவள் வாயிலேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்த மிலானோக்காரர்கள் ஒரு கூட்டமாகப் புகைப்படக் கருவிகளோடு படிக்கட்டில் நின்றார்கள். அவர்களுக்கு இது டிக்கெட்டில் சேர்ந்த ஒரு காட்சி என்று நினைப்பு. பெண்கள் மேல்தட்டின் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள். அங்கிருந்து பார்க்கலாம், பேசக்கூடாது. லவீனியா நடுவில், நீலச் சட்டையில், இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிலவறைக்குள் ஒரெஸ்தே காலையிலேயே இறங்கிவிட்டான். தண்ணீர்த் திருகு அவன் பொறுப்பு. மேலே நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. தரையில் ஒரு கம்பிச்சட்டம் இருக்கிறது, அதன் வழியாகக் குரல் மட்டும் கேட்கும், அதுவும் கத்தினால். "கார்டினலின் உடல்நலத்துக்கு!" என்று கோப்பையைத் தூக்கி யாராவது கத்தினால் அவன் திறப்பான். மணி அடித்தால் மூடுவான்.

பத்துப் பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். பெண்ணின் அப்பா கடைசியாக உட்காரவேண்டும் என்பதால் செத்திமியோ கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். குற்றம் சொல்ல முடியாது, எல்லாம் மரியாதையால் வந்த வினை.

பாசிலியோ முதலில் ஓர் இருக்கையின் பக்கம் நின்றார். பாதிரியார் தோன் கவுதென்சியோ அருகில் வந்தார். "சாமி, நீங்க உக்காருங்க" என்று அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். அங்கே நான் போய் நின்றேன். "பெரியவர் நீங்க உக்காருங்க" என்று எனக்குக் கொடுத்துவிட்டு அதற்கும் அடுத்ததற்கு நகர்ந்தார். அங்கே வக்கீல் ஃபாபியானி, அவருக்கும் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர், செத்திமியோவின் தம்பிகள், அவர்களோடு வந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்காக இடம் விட்டுவிட்டு, கடைசியில் இரண்டே இருக்கைகள் மிச்சம். ஒன்று புன்னை போல அடர்ந்த ஒரு மரத்தின் நிழலில், ஓட்டையோடு. மற்றது தலைப்பக்கம், சுள்ளென்ற வெயிலில், ஓட்டையில்லாமல்.

"நீங்க இங்க உக்காருங்க" என்று செத்திமியோ நிழலில் இருந்ததைக் காட்டினான்.

"ஐயோ, உங்களை வெயில்ல உக்கார வெச்சிட்டு நான் நிழல்லயா?" என்றார் பாசிலியோ.

"எனக்கு வெயில் பிடிக்கும்."

"உங்க வயசுக்கு ஆகாதுங்க ஐயா. மண்டை காயும்."

"என் மண்டைதானே, காயட்டும்."

"அப்படிச் சொல்லாதீங்க. லவீனியா என்ன நினைப்பா?" என்று சொல்லிக்கொண்டே பாசிலியோ, அவ்வளவு பெரிய உடம்புக்கு எதிர்பாராத வேகத்தில், கார்டினலின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே கைப்பிடிச் சுவரில் லவீனியாவின் கை வாய்க்குப் போனது. மிலானோக்காரர்கள் அவருடைய பணிவைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

செத்திமியோ நின்றுகொண்டே இருந்தான். எழுந்திருக்கச் சொல்ல முடியாது. அந்த இருக்கையில் உட்கார்ந்தவரைக் கேட்கக்கூடாது. ஏன் என்று விளக்கவும் முடியாது. மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லக்கூடாது. இரண்டு கட்டளைகளையும் பல வருடங்களாக இறுக்கமாகக் காப்பாற்றி வந்தவன் அவன்தான். நிழல் இருக்கையில் போய், ஓட்டைக்கு ஓரமாக, ஒரு பக்கமாய் உட்கார்ந்தான்.

"சும்மா உக்காந்து பேசிட்டுப் போயிடலாம்" என்றான். "இன்னிக்கு எனக்குக் கோப்பை தூக்குற மனசு இல்ல."

வக்கீல் ஃபாபியானி இருமினார். நான் மலைகளைப் பார்த்தேன். தண்ணீரே விடாமல் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டால், தோட்டம் அவரை ஏற்கவில்லை என்று ஆகிவிடும். அதுவும் கல்யாணம் இல்லை என்பதுதான். செத்திமியோ அதைத்தான் கணக்குப் போட்டான்.

ஆனால் தோன் கவுதென்சியோவுக்குக் காது மந்தம், பசி அதிகம். காலைப் பூசைக்குப் பிறகு அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கோப்பை தூக்காமல் பச்சை அவரையும் சீஸும் வராது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். திடீரென்று கோப்பையைத் தூக்கி, பிரசங்க மேடையில் கத்துகிற குரலில், "கார்டினலின் உடல்நலத்துக்கு!" என்றார்.

தண்ணீர் வந்தது.

நான் அந்த மேசையில் பலமுறை நனைந்திருக்கிறேன், ஆனால் அன்றைய தண்ணீர் வேறு. குளிர்காலம் முழுவதும் பனி பெய்திருந்ததால் மலைக் குளம் நிரம்பியிருந்தது. அடியிலிருந்து ஒன்பது பேரையும் கொஞ்சம் தூக்கியே விட்டது. முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்தும் பீய்ச்சியது. வக்கீலின் மீசைச் சாயம் சட்டையில் இறங்கிப் பத்து வயது கூடிவிட்டது. ஒரு மீன், எங்கள் ஓடையில் கிடைக்கிற புள்ளி போட்ட மீன், குழாய் வழியாக மேலே வந்து பாதிரியாரின் தொப்பியில் விழுந்தது. அன்று இறைச்சியை விட்டு மீன் தின்கிற வெள்ளிக்கிழமையாக இல்லையே என்று அவர் வருத்தப்பட்டார். ஒரு தவளை மருந்துக்கடைக்காரரின் கோட்டுப் பையில் குடியேறி ஜூன் மாதம் வரை அங்கேயே இருந்தது. இருமலுக்கு மருந்து கேட்டுப் போகிறவர்களுக்கு அதுதான் முதலில் பதில் சொல்லும்.

தலைப்பக்கம் பாசிலியோ மட்டும் வெயிலில், காய்ந்த கோட்டோடு, சுவரில் மாட்டிய படம்போல உட்கார்ந்திருந்தார்.

சிரித்தும் கொண்டிருந்தார். லவீனியா சொல்லியிருந்தாள் அல்லவா, சத்தமாகச் சிரிக்கச் சொல்லி. அவர் எப்படிச் சிரிப்பது என்று முந்தைய இரவு பயிற்சி செய்திருக்கவேண்டும். "ஹஹ்ஹஹ்ஹா!" என்று கைகளைத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எட்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரு பாதிரியாரும் குளிரில் நடுங்க, வெளியூர்க் குடைக்காரர் ஒருவர் காய்ந்து உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மிலானோக்காரர்களுக்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது.

"சிரிக்கிறான் பாரு!" என்று செத்திமியோ தண்ணீருக்குள்ளிருந்து கத்தினான். "எங்களைப் பாத்துச் சிரிக்கிறான், குடைக்காரப் பய!"

"என்னங்க ஐயா?" என்றார் பாசிலியோ. பீய்ச்சும் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அது திட்டு என்று தெரியாததால் இன்னும் உரக்கச் சிரித்தார்.

"அவரு எழுந்திருக்கட்டுமே, எல்லாருக்கும் நல்லது" என்று செத்திமியோவின் தம்பி முனகினான்.

வக்கீல் ஃபாபியானி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினார். "கார்டினல் இருக்கையில இருக்குற மாப்பிள்ளை எழுந்தா, அது கார்டினல் எழுந்ததாகுமா, மாப்பிள்ளை எழுந்ததாகுமா?"

"மாப்பிள்ளை எழுந்ததாகும்!" என்று செத்திமியோ மேசையில் குத்தினான். "எழுந்தா கல்யாணம் இல்ல!"

எழுந்தால் கல்யாணம் இல்லை என்ற கடைசிப் பகுதி மட்டும் பாசிலியோவின் காதில் விழுந்தது. லவீனியா சொன்னதும் அதுதானே. அவர் இருக்கையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வேரூன்றினார். அப்பா எழட்டும் என்று காத்திருந்தார். அப்பாவோ இவர் எழட்டும் என்று காத்திருந்தான். இவர் எழாமல் அப்பா எழக்கூடாது. அப்பா எழாமல் இவர் எழமாட்டார். எங்களுக்கு அடியில் ஒரெஸ்தே மணிக்காகக் காத்திருந்தான்.

செத்திமியோவுக்கு இதில் ஒரு நம்பிக்கை இருந்தது, எனக்கு அது அவன் முகத்திலேயே தெரிந்தது. மனிதர்கள் எப்படியும் ஒரு நேரத்தில் எழத்தான் வேண்டும். வாத்தியார் எழுந்தார், ரயில் கார்டு எழுந்தார். இவனும் எழுவான். எழுந்த நொடியில் லவீனியா ஆலைக்குத் திரும்பிவிடுவாள். அதுவரை தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிடிவாதத்தில் அவனுக்குச் சரியான ஆளை ஊர் அதுவரை கண்டதில்லை.

கோப்பைகள் காலியாகவில்லை. குடிக்கக் குடிக்க நிறைந்துகொண்டே இருந்தன. மூன்றாவது மடக்குக்குப் பிறகு அதில் ஒயின் எதுவும் இல்லை என்று கண்டுபிடித்தேன். தோன் கவுதென்சியோவின் உதடு நீலமாகிவிட்டது.

"சாமி, தாங்குவீங்களா?" என்றேன்.

"என்னப்பா, அவரை வந்திடுச்சா?" என்றார்.

அப்போதுதான் பாசிலியோவின் சிரிப்பு நின்றது. பாதிரியாரின் உதட்டைப் பார்த்தார். தன் கோட்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ஏதோ தவறு நடந்திருக்கிறது, அந்தத் தவறில் தான் வசதியாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு எட்டிவிட்டது. கோட்டைக் கழற்றிப் பாதிரியாருக்குப் போர்த்தக் கை நீட்டினார். எட்டவில்லை. எட்டவேண்டுமானால் எழவேண்டும். உடம்பு இருக்கையிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தது.

செத்திமியோவின் கண்கள் விரிந்தன. "எழுந்திரு, எழுந்திரு" என்று அவன் உதடு சத்தமில்லாமல் சொன்னது.

மேலே கைப்பிடிச் சுவரோரம் நீலச் சட்டையைக் காணவில்லை.

லவீனியா படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. ஆலையில் கூலியாளைத் திட்டப் போகும்போது நடக்கிற நடை. மிலானோக்காரர்கள் வழிவிட்டார்கள். அவள் நேராகக் கார்டினலின் இருக்கைக்கு வந்தாள்.

"அசையாதீங்க" என்றாள் பாசிலியோவிடம்.

"லவீனியா, சாமிக்குக் குளிருது. நான் ஏதோ தப்பு—"

"தெரியும். தள்ளி உக்காருங்க."

பெண் மேசைக்கு வரக்கூடாது என்று கட்டளை இருக்கிறதா என்று வக்கீலைப் பார்த்தோம். அவர் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கார்டினலுக்கு அது தோன்றவே இல்லை போலிருக்கிறது.

அவள் இருக்கையின் ஓரத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓர் ஆளுக்கான இருக்கை அது. கார்டினல் பருமன்தான் என்றாலும், பாசிலியோவும் லவீனியாவும் சேர்ந்த பருமன் இல்லை. நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டு, இடுப்பால் ஒரே இடி இடித்தாள். ஒலிவ மூட்டைகளை இடித்து நகர்த்திப் பழகிய இடுப்பு. பாசிலியோ சரிந்து, தரையில் சரளைக்கல்மேல் உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்தார். விழுந்த இடத்தில் மூன்று பீய்ச்சிகள். முகத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று, மூன்றாவது எங்கே என்று சொல்லவேண்டாம்.

"எழுந்துட்டான்!" என்று செத்திமியோ துள்ளினான்.

"எங்க எழுந்தாரு?" என்றார் வக்கீல். "விழுந்தாரு. விழுறது எழுந்திருக்கிறது ஆகாது. எந்த நீதிமன்றத்துலயும் நிக்காது."

பாசிலியோ தலையிலிருந்து கால்வரை நனைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரளைமேல் உட்கார்ந்தபடியே சிரித்தார். இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை. சின்னக் குரலில், விக்கல் வந்தமாதிரி ஒரு சிரிப்பு.

லவீனியா கார்டினலின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டாள். ஒரு சொட்டு அவள்மேல் இல்லை. வாய்க்காலிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் தனக்கு ஊற்றிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள். "மாப்பிள்ளை நனைஞ்சாச்சு. கோவப்படல. எழுந்திருக்கல. இப்ப நீங்க சொல்லுங்க."

"முதல்ல எழுந்திரு. அப்புறம் பேசலாம்."

"இந்த இருக்கையில இருக்குறவங்களை எழுந்திருன்னு கேக்கக் கூடாது. முன்னால வந்த ரெண்டு மாப்பிள்ளைக்கும் நீங்கதான் சொன்னீங்க. நான் மேல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"சாமிக்குக் குளிருதும்மா!"

"அதான் சீக்கிரம் சொல்லுங்கன்னு சொல்றேன்."

செத்திமியோ எங்களைப் பார்த்தான். நாங்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை. அவன் தம்பி மட்டும், "அண்ணே, எனக்குக் கீழ்ப்பக்கம் உணர்ச்சியே இல்ல" என்றான்.

"ஆலையை யாரு பாத்துப்பா?" என்று செத்திமியோ கடைசியாகக் கேட்டான். அந்தக் கேள்வி அவ்வளவு மெதுவாக வந்தது. தண்ணீர் அதைப் பாதி அடித்துக்கொண்டு போய்விட்டது.

"நான்தான். போன்தெரோசோ போகப்போறேன்னு யாரு சொன்னா? அவரு கடையை இங்க மாத்திக்கிறாரு. தோட்டத்து வாசல்ல."

"இந்த ஊர்ல எவன் குடை வாங்குவான்?"

"இன்னிக்கு மட்டும் ஒன்பது வித்திருப்பேன், மாமா" என்றது தரையிலிருந்து சின்னக் குரல்.

"மாமான்னு கூப்பிடாத! இன்னும் ஆகல!"

"அப்ப ஆகட்டும்" என்றாள் லவீனியா. கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தாள். மிச்சமிருந்த ஒயின் நல்லதுதான் என்பதை அவள் முகம் காட்டியது.

செத்திமியோ ஒரு வார்த்தை சொன்னான்.

"கேக்கல" என்றாள்.

"சரின்னு சொன்னேன்!"

"குவிரீனோ மாமா, உங்களுக்குக் கேட்டுச்சா?"

"காதுல தண்ணி, அம்மா" என்றேன். "இன்னொரு தடவை சொன்னா நல்லாயிருக்கும்."

"சரி! சரி! சரி!" என்று செத்திமியோ கத்தியது மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எதிரொலியையும் சேர்த்து வக்கீல் சாட்சியாக எடுத்துக்கொண்டார். லவீனியா அவசரப்படாமல் கோப்பையைக் காலி செய்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், எழுந்தாள்.

மணி அடித்தது. தண்ணீர் நின்றது. மிலானோக்காரர்கள் மறுபடி கைதட்டிவிட்டு, அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

துண்டுகள் வந்தன, அவரையும் சீஸும் வந்தன. தோன் கவுதென்சியோ தொப்பியில் இருந்த மீனைத் திரும்ப வாய்க்காலில் விட்டார். பாசிலியோ தன் நனைந்த கோட்டை அவருக்குப் போர்த்தினார்; மரியாதைக்காக அவரும் வாங்கிக்கொண்டு இன்னும் நடுங்கினார். லவீனியா ஒரு தட்டில் அவரையை உரித்துச் செத்திமியோவின் முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

அப்போதுதான் நிலவறைப் படியில் ஒரெஸ்தே ஏறி வந்தான். அந்த மேசைப் பக்கம் உடம்பு காய்ந்திருந்தவர்கள் அவனும் லவீனியாவும்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நேராகச் செத்திமியோவிடம் போய், கவலையோடு அவன் தோளைத் தொட்டான்.

"அண்ணே, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றான். "நீங்க உக்காந்தப்ப தண்டு எப்பவும் இறங்காத அளவுக்கு இறங்குச்சு. அண்ணன் குளிர்காலத்துல நல்லா தின்னுருக்காருன்னு நினைச்சேன். அப்புறம் ரெண்டு ஆள் கனம் கனத்துச்சு. அப்புறம் பாத்தா ஒரேயடியா பாதியா இளைச்சிட்டீங்க. மேல அப்படி என்னதான் நடந்துச்சு?"